தலை, கழுத்துப் புற்றுநோய் பரவுவதைத் தாவரச் சேர்மங்கள் தடுக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கருங்குயில் எழுதியது:

அண்ணனுக்கு நாக்கின் ஓரத்தில் புற்று. அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. கழுத்தில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள், அவற்றில் சிலவற்றில் நோய் இருந்தது. அடுத்தது கதிர்வீச்சு, கூடவே சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து.

வீட்டு வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஏதாவது வந்து விழுகிறது. மஞ்சளில் இருக்கும் குர்குமின் பரவலை நிறுத்தும், பச்சைத் தேயிலையின் ஈஜிசிஜி நிறுத்தும், திராட்சைத் தோலின் ரெஸ்வெராட்ரால் நிறுத்தும் என்று. நானும் ஒதுக்கித் தள்ளாமல் மூல ஆய்வுகளின் சுருக்கங்களைத் தேடிப் படித்தேன். பொய் இல்லை. வாய்ப்புற்று செல்கள் நகர்வது குறைந்தது, ஊடுருவுவது குறைந்தது என்று வரிசையாக இருக்கிறது. எலிகளில் கட்டி சிறிதானதாகவும் சிலவற்றில் எழுதியிருக்கிறார்கள்.

இவ்வளவு இருந்தும் டாக்டர் ஒன்றைக்கூட எழுதித் தருவதில்லை. கேட்டால் "வேண்டாம்" என்பதோடு சரி. காரணம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். "மூடநம்பிக்கை" என்று திட்ட வருகிறவர்கள் வேறு இழைக்குப் போகலாம்.

நுண்ணோக்கி எழுதியது:

செல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், மருத்துவர் இல்லை. அந்தச் சுருக்கங்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

தலை, கழுத்துப் பகுதிப் புற்றுகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் செதில் செல் வகை. வாய், தொண்டை, குரல்வளை ஆகியவற்றின் உள்பூச்சில் தொடங்கும். புகையிலை, மது, பாக்கு, தொண்டைப் பகுதியில் ஹெச்பிவி வைரஸ், இவைதான் முக்கியக் காரணங்கள். உள்பூச்சுச் செல்கள் இயல்பாகப் பக்கத்துச் செல்லோடு ஒட்டிக்கொண்டு இடம் மாறாமல் இருக்கும். அந்த ஒட்டுதலுக்கு முக்கியமான புரதம் ஈ-கட்ஹெரின். பரவப்போகும் செல் முதலில் இதைக் குறைத்துக்கொள்ளும். வைமென்டின் என்ற புரதத்தைக் கூட்டிக்கொண்டு நீண்டு, ஊர்ந்து போகும் வடிவத்துக்கு மாறும். ஸ்னெய்ல், ட்விஸ்ட் போன்ற மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதங்கள்தான் இந்த மாற்றத்தைக் கிளப்பிவிடுகின்றன. அப்புறம் எம்எம்பி-2, எம்எம்பி-9 என்ற நொதிகளைச் சுரந்து அடித்தளச் சவ்வைக் கரைத்து வெளியேறும். முதலில் கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் போகும். தொலைவில் என்றால் பெரும்பாலும் நுரையீரல்.

இனி சோதனைக்கு வருவோம். தட்டில் செல்களை முழுப்பரப்பாக வளர்த்து, பிப்பெட் நுனியால் நடுவில் ஒரு கோடு கீறுவோம். மருந்து சேர்த்ததில் அந்தக் கீறல் மூடத் தாமதமானால் "நகர்வு குறைந்தது" என்று எழுதுவோம். இரண்டாவது சோதனையில் துளைகள் உள்ள சவ்வின் மேல் மேட்ரிஜெல் என்ற கூழைப் பூசி, அதைக் கடந்து எத்தனை செல் கீழே வருகிறது என்று எண்ணுவோம். அது "ஊடுருவல்". ஈ-கட்ஹெரின் கூடி, எம்எம்பி-9 குறைந்திருந்தால் கட்டுரை தயார்.

இதில் ஒரு கோளாறு உண்டு. மருந்து செல்லைக் கொன்றாலோ, பெருகுவதை நிறுத்தினாலோ கூட கீறல் மூடாது. அப்போது நகர்வு குறைந்ததா, செல்லே குறைந்ததா? பெருக்கத்தைத் தனியாக நிறுத்திவிட்டுச் சோதித்தார்களா, செல் சாகாத அளவில் மருந்து கொடுத்தார்களா என்று முறைகள் பகுதியில் பாருங்கள். பல கட்டுரைகளில் பதில் இருக்காது.

அதைவிடப் பெரிய கேள்வி அளவு. தட்டில் குர்குமினை 10 முதல் 50 மைக்ரோமோலார் (செறிவை அளக்கும் அலகு) வரை ஊற்றுவது சர்வசாதாரணம். மனிதர்களில் 2001-ல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு நாளைக்கு 8 கிராம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். 8 கிராமில் ரத்தத்தில் எட்டிய உச்சம் சராசரியாக 1.77 மைக்ரோமோலார். அதுவும் சில மணி நேரத்துக்குத்தான். தட்டில் வேலை செய்த அளவு ரத்தத்துக்கே வரவில்லை என்றால் கழுத்து முடிச்சுக்குள் எப்படி வரும்?

சிவப்புமை எழுதியது:

எப்போதும் இதே கதைதான். தட்டில் வேலை செய்தால் "தட்டுதானே", எலியில் வேலை செய்தால் "எலிதானே". மனிதனில் செய்து பார்க்க யார் பணம் போடுவார்கள்? செடிக்குக் காப்புரிமை கிடையாது, லாபம் கிடையாது, அதனால் சோதனையும் கிடையாது. இதைச் சொன்னால் சதிக் கோட்பாடு என்பீர்கள். பணம் எங்கே போகிறது என்று பார்ப்பதில் என்ன சதி இருக்கிறது?

இரவுப்பணி எழுதியது:

மருத்துவமனை மருந்தாளுநர். சிவப்புமை சார், பணம் பற்றிச் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு எங்கள் மருந்தறை அலமாரியே பதில் சொல்லும்.

பக்லிடாக்சல், டோசிடாக்சல் இரண்டும் தலை, கழுத்துப் புற்றுக்கு உலகம் முழுக்கக் கொடுக்கப்படுகின்றன. இரண்டுமே மரத்திலிருந்து வந்தவை. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்காக 1962-ல் பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தார்கள். வால், வானி என்ற இரு வேதியியலாளர்களின் குழு அதிலிருந்து சேர்மத்தைப் பிரித்து 1971-ல் கட்டமைப்பை வெளியிட்டது. அது செல்லின் நுண்குழாய்களைக் கலைய விடாமல் இறுக்கிப் பிடிக்கிறது என்று 1979-ல் சூசன் ஹார்விட்ஸ் காட்டினார். மருந்தாக அனுமதி கிடைத்தது 1992-ல். ஆக மொத்தம் 30 வருடம். பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும் என்ற சிக்கல் வேறு. டோசிடாக்சலை ஐரோப்பிய யூ மரத்தின் இலையிலிருந்து ஒரு முன்னோடிச் சேர்மத்தை எடுத்து, மீதியை ஆய்வகத்தில் கட்டிச் செய்தார்கள். இலையை எடுத்தால் மரம் மறுபடி துளிர்க்கும்.

தலை, கழுத்துப் புற்றில் சிஸ்பிளாட்டின், ஃபுளூரோயுராசில் என்ற பழைய ஜோடியோடு டோசிடாக்சலைச் சேர்த்துப் பார்த்த பெரிய சோதனை 2007-ல் வந்தது. மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் பழைய ஜோடியில் 48 சதவீதம், டோசிடாக்சல் சேர்த்ததில் 62 சதவீதம். சிஸ்பிளாட்டின் தாங்காத நோயாளிகளுக்குக் கதிர்வீச்சோடு டோசிடாக்சல் கொடுத்த சோதனை 2023-ல் வெளியானது. இரண்டு வருடப் பிழைப்பு 41.7-லிருந்து 50.8 சதவீதமாக உயர்ந்தது.

ஆக, தாவரத்திலிருந்து வந்ததால் எதையும் யாரும் ஒதுக்கவில்லை. வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணியிலிருந்து, எட்டோபோசைட் போடோஃபைலம் வேரின் சேர்மத்திலிருந்து வந்தவை. தாவரச் சேர்மம் மருந்தாகும்போது அதற்கு அளவு, நரம்பு வழியா வாய் வழியா, எத்தனை நாளுக்கு ஒருமுறை, என்னென்ன பக்கவிளைவு என்று எல்லாம் தெரிந்திருக்கும். குப்பியில் வரும் காப்ஸ்யூலுக்கு இதில் எதுவுமே தெரியாது.

சிவப்புமை எழுதியது:

டாக்ஸால் (பக்லிடாக்சலின் வணிகப் பெயர்) உதாரணம் எனக்குச் சாதகமானது என்றுதான் நினைக்கிறேன். தாவரத்தில் சரக்கு இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அதற்கு 30 வருடம் ஆனது என்றால் குர்குமினுக்கும் நேரம் கொடுங்களேன்.

இரவுப்பணி எழுதியது:

கொடுத்தாயிற்று. குர்குமினை வைத்து 120-க்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகள் நடந்திருக்கின்றன. 2017-ல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் எல்லாவற்றையும் அலசி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். மருந்துப்போலியோடு (மருந்தில்லாத போலி மாத்திரை) ஒப்பிட்டு, யாருக்கு எது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் நடத்தும் இரட்டை மறைப்புச் சோதனை எதுவும் அதுவரை உறுதியாக வெற்றி பெறவில்லை என்றார்கள். அந்த மூலக்கூறு நிலையற்றது, குடலில் உறிஞ்சப்படுவதில்லை, பல சோதனைக் கருவிகளில் தானே பொய்யான சமிக்ஞை காட்டக்கூடியது என்பதும் அவர்கள் சொன்னதுதான். ஒளிரும் மஞ்சள் நிறம் அதற்கு. ஒளியை அளக்கும் சோதனையில் சிக்கல் வராமல் இருக்குமா?

நுண்ணோக்கி எழுதியது:

இதோடு இன்னொன்று. இதைச் சொன்னால் எங்கள் துறையிலேயே சிலருக்குக் கோபம் வரும்.

"கேபி வாய்ப்புற்று செல்கள்" என்று போட்ட தாவரச் சாற்றுக் கட்டுரைகள் நிறையக் கண்ணில் படும். கேபி வாய்ப்புற்று செல் அல்ல. அது ஹீலா, அதாவது 1951-ல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பை வாய்ப் புற்றிலிருந்து எடுத்து வளர்த்த செல் வரிசை. ஹீலா வேகமாகப் பெருகும். எப்படியோ மற்ற தட்டுகளில் கலந்து, அங்கிருந்ததை அழித்துவிட்டு அதே பெயரில் வாழ்ந்துகொண்டிருந்தது. குரல்வளைப் புற்று என்று விற்கப்பட்ட ஹெப்-2 செல்லும் இதே கதைதான். 1960-களின் இறுதியிலேயே இதைக் காட்டிவிட்டார்கள். தவறாக அடையாளம் காணப்பட்ட செல்களின் சர்வதேசப் பட்டியலில் இரண்டும் உள்ளன. ஆனாலும் "இந்தச் சாறு கேபி வாய்ப்புற்று செல்லைக் கொன்றது" என்று இன்றைக்கும் கட்டுரை வருகிறது.

கருங்குயில், நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் சுருக்கங்களில் கேபி என்று இருப்பதை எல்லாம் முதலில் எடுத்துப் போடுங்கள். எச்எஸ்சி-3, சிஏஎல்-27, எஸ்சிசி-25 என்று இருந்தால் அவை உண்மையான நாக்குப் புற்று செல்கள், மேற்கொண்டு படிக்கலாம்.

மழைத்தூறல் எழுதியது:

இது எனக்குப் புதுச் செய்தி. தலை சுற்றுகிறது.

கருங்குயில் எழுதியது:

எடுத்துப் பார்த்தேன். கணிசமாகக் குறைந்துவிட்டது. 😐

சிவப்புமை எழுதியது:

சரி, தட்டை விடுங்கள். மனிதர்களைப் பற்றியே பேசுவோம். வாயில் வரும் வெண்படலம் புற்றாக மாறக்கூடியது. அந்த நோயாளிகள் 223 பேருக்கு 2016-ல் வெளியான ஆய்வில் குர்குமின் கொடுத்தார்கள். நாளைக்கு 3.6 கிராம், ஆறு மாதம். 67.5 சதவீதம் பேருக்குப் பலன். மருந்துப்போலி வைத்த முறையான சோதனை இது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வெண்கோட் எழுதியது:

கதிர்வீச்சுத் துறை மருத்துவர். நல்ல ஆய்வைத்தான் எடுத்திருக்கிறீர்கள், மதிக்க வேண்டிய ஆய்வு. ஆனால் அடுத்த எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: மருந்துப்போலி விழுங்கியவர்களிலும் 55.3 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்தது. இடைவெளி 12 புள்ளி. ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெண்படலம் தானாகவே ஏறி இறங்கும் சமாச்சாரம். சோதனையில் சேர்ந்ததும் சிலர் புகையிலையைக் குறைப்பார்கள், வாய்ச் சுகாதாரம் மேம்படும். படலமும் சுருங்கும்.

சோயாவிலிருந்து எடுத்த பவ்மன்-பெர்க் தடுப்பான் என்ற புரதம் இதைவிட நல்ல பாடம். ஆரம்பச் சிறு ஆய்வில் பிரமாதமாகத் தெரிந்தது. பின்னர் 132 பேரை வைத்து முறையாகச் செய்து 2013-ல் வெளியிட்டார்கள். படலம் 20.6 சதவீதம் சுருங்கியது. மருந்துப்போலியில் 17.1 சதவீதம். அதோடு முடிந்தது.

பச்சைத் தேயிலைச் சாற்றுக்கும் ஒரு சோதனை உண்டு, 2009. 41 பேர். பலன் தெரிந்தவர்கள் 50 சதவீதம், மருந்துப்போலியில் 18.2. பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆட்கள் குறைவு என்பதால், இது தற்செயல் இல்லை என்று சொல்வதற்கான புள்ளியியல் எல்லையைத் தாண்டவில்லை. தொடர்ந்து கவனித்ததில், புற்று வராமல் கழிந்த காலத்திலும் வேறுபாடு இல்லை.

இதெல்லாம் புற்றுக்கு முந்தைய நிலை. கருங்குயில் கேட்பது ஏற்கெனவே கழுத்து வரை பரவிய நோயைப் பற்றி. ஒன்றில் கிடைத்த முடிவை எடுத்து இன்னொன்றில் ஒட்ட முடியாது.

மழைத்தூறல் எழுதியது:

உதவாவிட்டால் போகட்டும், கெடுதல் செய்யாதே? இவையெல்லாம் ஆன்டிஆக்சிடென்ட், அது நல்லதுதான் என்று எல்லாரும் சொல்கிறார்களே.

வெண்கோட் எழுதியது:

செய்யும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது தலை, கழுத்துப் புற்று நோயாளிகளிடமே நடத்திய சோதனை.

கனடாவின் க்யூபெக்கில் கதிர்வீச்சு எடுக்கும் 540 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வைட்டமின் ஈ மாத்திரையும் பீட்டா கரோட்டினும். கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் அதே பீட்டா கரோட்டின். மறு பாதிக்கு மருந்துப்போலி. சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே, புகைப்பவர்களுக்குப் பீட்டா கரோட்டின் கொடுத்தால் நுரையீரல் புற்று கூடுகிறது என்று வேறு பெரிய சோதனைகளின் முடிவு வந்தது. ஃபின்லாந்தில் 29,133 ஆண்களை வைத்து நடந்து 1994-ல் வெளியானது அதில் ஒன்று. அதனால் 156 பேர் சேர்ந்த நிலையில் பீட்டா கரோட்டினை நிறுத்திவிட்டு வைட்டமின் ஈயை மட்டும் தொடர்ந்தார்கள்.

முடிவு 2005, 2006-ல் வந்தது. முதலில் நல்ல செய்தி: கதிர்வீச்சின் கடும் பக்கவிளைவு குறைந்தது. நோயாளிக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்குத் தெரியும். ஆனால் அதே குழுவில் நோய் அதே இடத்தில் திரும்ப வரும் போக்கு அதிகமாக இருந்தது. மாத்திரை விழுங்கிய காலத்தில் இரண்டாவது புதுப் புற்று வரும் வேகம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மொத்த மரண அபாயமும் 38 சதவீதம் கூடியது. கதிர்வீச்சின்போது புகைத்துக்கொண்டே மாத்திரையும் எடுத்தவர்களிடம்தான் பாதிப்பு மோசம் என்று பின்னர் பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது.

காரணம் புரியாத விஷயமில்லை. கதிர்வீச்சு திசுவில் இருக்கும் நீரைப் பிளந்து ஃப்ரீ ராடிக்கல் எனப்படும் வீரியமான துகள்களை உண்டாக்குகிறது. அவைதான் புற்று செல்லின் டிஎன்ஏவை உடைக்கின்றன. ஆன்டிஆக்சிடென்ட் அவற்றை விழுங்கிவிடும். நல்ல செல் தப்பியது போலவே புற்று செல்லும் தப்பியிருக்கலாம். கருங்குயிலிடம் டாக்டர் ஒரே வார்த்தையில் "வேண்டாம்" என்றதற்குப் பின்னால் இந்தச் சோதனைதான் இருக்கும் என்பது என் ஊகம். ஒரு நிமிடம் எடுத்து விளக்கியிருக்கலாம். ஓபி வரிசை நீளமாக இருக்கும்போது நாங்களும் அப்படித்தான் பேசிவிடுகிறோம்.

நுண்ணோக்கி எழுதியது:

இதோடு ஒட்டியது சல்ஃபோராஃபேன். ப்ரோக்கோலி முளையில் அதிகம். எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் ஆர்வமுள்ள சேர்மம், அதனால் நியாயமாகவே சொல்லப் பார்க்கிறேன்.

அது என்ஆர்எஃப்2 என்ற புரதத்தை எழுப்பிவிடும். என்ஆர்எஃப்2 எழுந்தால் செல்லின் நச்சு நீக்கும் நொதிகள் கூடும். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழு 2016-ல் வெளியிட்ட ஆய்வில், ரசாயனம் கொடுத்து வாய்ப்புற்று வரவைத்த எலிகளில் கட்டிகள் குறைந்தன. ஆரோக்கியமான தன்னார்வலர்கள் ப்ரோக்கோலி முளைச் சாறு குடித்தபோது அவர்கள் கன்னத்தின் உள்பூச்சிலும் அந்த நொதி கூடியது தெரிந்தது. தடுப்புக்கு இது அழகான தர்க்கம்: புகையிலை நச்சு உள்ளே வரும்போதே வெளியேற்று.

ஆனால் புற்று ஏற்கெனவே வந்துவிட்டால்? 2015-ல் 279 தலை, கழுத்துக் கட்டிகளின் மரபணுக்களை முழுதாக ஆராய்ந்தார்கள். அவற்றில் ஒரு பகுதிக் கட்டிகளில் என்ஆர்எஃப்2 பாதையே மரபணு மாற்றத்தால் நிரந்தரமாகத் திறந்து கிடந்தது. கட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதைப் பயன்படுத்துகிறது. கதிர்வீச்சையும் சிஸ்பிளாட்டினையும் தாங்க அது உதவுகிறது. ஆக, வராமல் தடுக்கப் பயன்படலாம் என்ற அதே செயல், வந்த பிறகு கட்டியின் பக்கம் சாயலாம். எந்த ஆய்வைப் படித்தாலும் எந்தக் கட்டத்து நோய் என்று முதலில் கேளுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

காப்ஸ்யூல் விஷயத்தில் நான் தினமும் பார்க்கும் சிக்கலைச் சொல்கிறேன்.

குர்குமின் உறிஞ்சப்படுவதில்லை என்பது தயாரிப்பாளர்களுக்கும் தெரியும். அதனால் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தால் உறிஞ்சுதல் 2000 சதவீதம் கூடும் என்ற 1998 ஆய்வின் எண் எல்லா விளம்பரத்திலும் இருக்கும். அடிப்படை அளவு கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்குச் சிறியது என்பதால் 20 மடங்கானாலும் அது சிறியதுதான். அது கிடக்கட்டும். பைப்பரின் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் முக்கியம். கல்லீரலும் குடலும் அந்நியப் பொருளை வெளியேற்றும் பாதைகளை அது அடைக்கிறது. அதில் சிஒய்பி3ஏ4 என்ற நொதியும் ஒன்று.

டோசிடாக்சலை உடைத்து வெளியேற்றுவது அதே சிஒய்பி3ஏ4. அந்த நொதி வலுவாக அடைபட்டால் டோசிடாக்சல் ரத்தத்தில் தேங்கும், வெள்ளணுக்கள் சரியும். காப்ஸ்யூல் எந்த அளவுக்கு அடைக்கும் என்று யாரும் அளந்து எழுதித் தரவில்லை. அப்படி அளக்காத ஒன்றை, மில்லிகிராம் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் மருந்தோடு சேர்க்க எந்த மருந்தாளுநரும் சம்மதிக்க மாட்டார்.

பச்சைத் தேயிலைச் சாற்றுக்கு வேறு கதை. பானமாகக் குடிப்பதைச் சொல்லவில்லை, செறிவூட்டிய காப்ஸ்யூல். நாளைக்கு 800 மில்லிகிராம் ஈஜிசிஜிக்கு மேல் போனால் கல்லீரல் நொதிகள் ஏறுகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சொன்னது. குர்குமின், பைப்பரின் சேர்ந்த காப்ஸ்யூல்களாலும் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. ஈஜிசிஜி நேரடியாகவே ஒரு புற்று மருந்தை முடக்கிய சம்பவமும் உண்டு. போர்டெசோமிப் என்ற ரத்தப்புற்று மருந்தோடு வேதியியல் ரீதியாகவே ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்தது. 2009-ல் ஆய்வகத்திலும் எலியிலும் காட்டினார்கள். அது உங்கள் அண்ணனுக்குக் கொடுக்கும் மருந்து அல்ல. ஆனால் "இயற்கைதானே, ஒன்றும் செய்யாது" என்கிறவர்களுக்கு இந்த ஓர் உதாரணம் போதும்.

வெண்கோட் எழுதியது:

இரவுப்பணி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கல்லீரல் நொதி ஏறினால் மருந்தை நிறுத்திவைப்போம், சில சமயம் கதிர்வீச்சும் தள்ளிப்போகும். தலை, கழுத்துப் புற்றில் கதிர்வீச்சு இடைவெளி விட்டால் மிச்சமிருக்கும் செல்கள் வேகமெடுத்துப் பெருகும். தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு சுமார் 1 சதவீதமோ அதற்குக் கொஞ்சம் மேலோ குறைகிறது என்பது எங்கள் துறையின் கணக்கு. சேர்மம் நேரடியாக ஒன்றும் செய்யாவிட்டாலும் இந்த வழியில் கெடுக்கும்.

மழைத்தூறல் எழுதியது:

ஒரு சந்தேகம். ரத்தத்தில் ஏறவில்லை என்பதுதானே பிரச்சினை? வாய் கைக்கு எட்டும் இடம்தானே. நேரடியாகப் பூசினால் என்ன?

நுண்ணோக்கி எழுதியது:

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இது. அந்தத் திசையில்தான் எனக்கும் நம்பிக்கை அதிகம். குர்குமின் மாத்திரையை விழுங்காமல் மெல்லச் சொல்லி, தலை, கழுத்துப் புற்று நோயாளிகள் 21 பேரின் எச்சிலைச் சோதித்தார்கள், 2011. அழற்சியையும் கட்டி வளர்ச்சியையும் தூண்டும் ஐகேகே-பீட்டா என்ற நொதியின் செயல்பாடு எச்சிலில் குறைந்தது. கருப்பு ராஸ்பெரிப் பொடியைச் சளிச்சவ்வில் ஒட்டும் களிம்பாக்கி, ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புற்றுக்கு முந்தைய புண்களில் பூசிப் பார்த்தார்கள்; புண்கள் சிறிதாயின. பூசும் இடத்தில் செறிவு கிடைக்கிறது, கல்லீரல் குறுக்கே வருவதில்லை.

எல்லையும் இருக்கிறது. களிம்பு மேல்பூச்சில் கொஞ்ச ஆழம்தான் போகும். நாக்குத் தசைக்குள் இறங்கிய செல், நரம்பைச் சுற்றி ஊர்ந்த செல், கழுத்து முடிச்சில் குடியேறிய செல் எதையும் அது தொடாது. பரவலைத் தடுப்பது என்றால் அந்தச் செல்களைத் தொட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது சிவப்புமைக்குச் சாதகமான வாதம். செல் நகர்வதை மட்டும் நிறுத்தும் மருந்து கட்டியைச் சுருக்காது. ஆரம்பச் சோதனைகளோ, எல்லாம் முற்றிய நோயாளிகளிடம் கட்டி சுருங்கியதா என்றுதான் பார்க்கின்றன. உண்மையிலேயே பரவலைத் தடுக்கும் சேர்மம் ஒன்று இருந்தால்கூட அந்தப் பரீட்சையில் தோற்றுத்தான் போகும்.

சிவப்புமை எழுதியது:

இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். பரீட்சையே தப்பு.

வெண்கோட் எழுதியது:

பரீட்சையைத் திருத்தலாம், ஒத்துக்கொள்கிறேன். அறுவை முடிந்து நோய் கண்ணுக்குத் தெரியாத நிலையில், திரும்ப வரும் காலத்தை அளந்து சோதிக்க வேண்டும். ஆனால் எம்எம்பி நொதிகளை அடைக்கும் செயற்கை மருந்துகள் 1990-களில் படை படையாக வந்ததை மறக்க வேண்டாம். தட்டில், எலியில் அருமை. ரத்தத்தில் தேவையான அளவும் எட்டியது. மனிதர்களில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன, மூட்டு வலியைக் கொடுத்ததுதான் மிச்சம். தாமதமான கட்டத்தில் கொடுத்தது ஒரு காரணம். அந்த நொதிகளில் சில உடம்புக்கு நன்மையும் செய்பவை என்பது இன்னொன்று. ஆகவே "இந்தச் சேர்மம் எம்எம்பி-9-ஐக் குறைத்தது" என்று படித்தால் எனக்கு ஆர்வம் வருகிறது, மருந்துச் சீட்டை எடுக்கத் தோன்றுவதில்லை.

பரவலைக் கட்டுப்படுத்துவதில் எது வேலை செய்கிறது என்பதற்கும் எண் இருக்கிறது, கருங்குயில். ஆரம்ப நிலை வாய்ப்புற்றில் கழுத்தில் ஒன்றும் தெரியாதபோதே முடிச்சுகளை எடுப்பதா, தெரிந்தபின் எடுப்பதா என்று ஒப்பிட்ட சோதனை 2015-ல் வந்தது. மூன்று வருடப் பிழைப்பு, முன்கூட்டியே எடுத்தவர்களில் 80 சதவீதம்; காத்திருந்தவர்களில் 67.5. எந்தச் சேர்மமும் பக்கத்தில்கூட வராத வேறுபாடு. உங்கள் அண்ணனுக்கு அந்த வேலை முடிந்துவிட்டது. மிச்சம், கதிர்வீச்சை ஒரு நாளும் தவறாமல் முடிப்பது, எடை குறையாமல் பார்த்துக்கொள்வது, புகையிலைப் பழக்கம் இருந்தால் முழுதாக விடுவது.

சிவப்புமை எழுதியது:

அறுவையை யாரும் மறுக்கவில்லையே. சிகிச்சையை விட்டுவிட்டு மூலிகைக்குப் போகச் சொல்பவன் நானும் இல்லை. சிகிச்சை எல்லாம் முடிந்த பிறகு ஒருவர் எடுத்தால் என்ன என்பதுதான் என் நிலைப்பாடு. அதை இங்கே யாரும் தவறென்று நிரூபிக்கவில்லை.

வெண்கோட் எழுதியது:

சரியென்றும் யாரும் நிரூபிக்கவில்லை. முடிந்த பிறகு என்றால் நோயாளியோடு உட்கார்ந்து பேசத் தயார். கல்லீரல் சோதனையோடு.

கருங்குயில் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வீட்டில் இருந்த குப்பிகளைப் படம் எடுத்து டாக்டரிடம் காட்டினேன். கதிர்வீச்சு முடியும்வரை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். இந்த முறை காரணமும் சொன்னார், அந்தக் கனடா சோதனையேதான். சமையலில் வழக்கமாகச் சேர்க்கும் மஞ்சளும் மிளகும் பரவாயில்லை, வாய்ப்புண் வந்தால் காரத்தை மட்டும் குறைக்கச் சொன்னார்.

ஒரு குப்பியில் குர்குமின் என்று மட்டும்தான் இருக்கிறது, பைப்பரின் என்று எங்கும் இல்லை. அண்ணன் அதை நேற்றுவரை எடுத்திருக்கிறார். பயப்பட வேண்டுமா?

இரவுப்பணி எழுதியது:

பயப்பட வேண்டாம், ஆனால் சொல்லிவிடுங்கள். பைப்பரின் பல குப்பிகளில் அந்தப் பெயரில் இருக்காது. "கருமிளகுச் சாறு" என்றோ, ஒரு வணிகப் பெயராகவோ, சிறிய எழுத்தில் "பிற பொருட்கள்" வரிசையிலோ இருக்கும். பின்பக்க லேபிளை உங்கள் மருத்துவமனை மருந்தாளுநரிடம் காட்டுங்கள். முதல் சிஸ்பிளாட்டினுக்கு முன் எப்படியும் ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள், அதில் கல்லீரல் நொதிகளும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியாக எடுத்த தேதியையும், தினம் எத்தனை காப்ஸ்யூல் என்பதையும் ஒரு தாளில் எழுதி அண்ணனின் கோப்பில் வைத்துவிடுங்கள். இரவில் காய்ச்சலோடு வந்து நின்றால், பணியில் இருப்பவர் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.